ஐ ஆம் அஃப்ரெய்ட்

பிப்ரவரியில் புர்காஸ் கடற்கரையில்
ஒரு ஓட்டலும் திறந்திருக்காது.
குடைகளைக் கழற்றிய கம்பிகள் மட்டும் மணலில்.
தொழிற்பள்ளியின் இரண்டாம் மாடியில்
கால் ஆடும் மேசையொன்று ரிசப்ஷன் ஆகும்,
நான் விருந்தாளி ஆவேன்.

பன்னிரண்டு வருடமாக நான்தான் விருந்தாளி.
துண்டு ஈரம் என்பேன். சூப் ஆறிவிட்டது என்பேன்.
கடல் தெரியும் என்றீர்கள்,
அடுத்த கட்டடத்துக் குளியலறை தெரிகிறது என்பேன்.
காசு கொடுத்து ஒரு ராத்திரி
எந்த ஓட்டலிலும் நான் படுத்ததில்லை.
கோபம் மட்டும் நன்றாக வரும்.

ஜிவ்கோ "சர்ட்டன்லி, சார்" என்கிறான்,
தலை இடமும் வலமும் ஆடுகிறது.
எங்களுக்கு அது ஆமாம்.
விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு அது முடியாது.
கழுத்தை அசைக்காதே, வாயால் மட்டும் சம்மதி என்கிறேன்.
காலருக்குள் கம்பி செருகியதுபோல் நிற்கிறான்.
வகுப்பு சிரிக்கிறது.
ஹீட்டர் தன் பங்குக்கு இரண்டு முறை இருமுகிறது.

தெசிஸ்லாவாவுக்கு ஒரு சந்தேகம்:
"அறை காலியில்லை, அவ்வளவுதானே.
அதைச் சொல்ல நான் ஏன் பயப்பட வேண்டும்?"
அது பயமில்லை, மரியாதை என்றேன்.
"பிறகேன் பயம் என்கிறார்கள்?"
பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில்
நீல பிளேசர் போட்ட ஒருத்தி
பல் தெரியப் பயந்துகொண்டிருந்தாள்.
பக்கத்தைத் திருப்பினேன்.

அவள் அம்மா கோடை முழுக்க
நாளுக்குப் பதினெட்டு அறை துடைக்கிறவள்.
இத்தனை வருடத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது
ஒரே ஒரு ஆங்கில வார்த்தை,
அதுவும் கதவைத் தட்டிவிட்டுச் சொல்ல.

ஏப்ரலில் தேர்வு.
மான்செஸ்டரிலிருந்து வந்த மிஸ்டர் ஆல்ட்ரிட்ஜ்
மதிப்பெண் தாளோடு ஓரமாக உட்கார்ந்தார்.
நான் மேசையைத் தட்டினேன்.
மூன்று மாதம் முன்பே பதிவு செய்தது,
என்ன ஓட்டல் இது, மேனேஜரைக் கூப்பிடு.
தெசிஸ்லாவா என்னைப் பார்த்தாள்.
அவசரமே இல்லாமல் சொன்னாள்:
"ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட், மேடம்.
தேர் இஸ் நோ ரூம்."

இலக்கணத்தில் குறையில்லை.
எனக்கே தெரியாமல் என் தலை ஆடியது.
இடம், வலம், இடம்.

ஆல்ட்ரிட்ஜ் அதைப் பார்த்தார்.
பேனா மூடியைக் கழற்றி
மரியாதை என்ற கட்டத்தில்
பெரிதாக ஒரு சுழி போட்டார்.

எழுந்தேன்.
உள்ளங்கை வேர்த்திருந்தது.
"ஐ ஆம் அஃப்ரெய்ட், சார்,"
என்று ஆரம்பித்தேன்.