எண்பது மணி நேரம்

தொழிற்பிரிவு, அலுவலக மேலாண்மை.
உள்ளுறைப் பயிற்சி எண்பது மணி நேரம்;
கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால்
ஹால் டிக்கெட் வராது என்றார் ரெஜினா டீச்சர்.
காரைக்குடியிலேயே பேங்க் கிடைத்தது சிலருக்கு,
யாழினிக்கு நகைக்கடை, ஏசி வேறு.
எனக்குப் புதுவயல் ரைஸ் மில்.
"உங்க ஊர்தானே, பஸ் செலவு மிச்சம்."

படிவத்தின் முதல் கேள்வி: முன் அனுபவம்?
ஆறாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில்
அதே மில் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் கிளறியிருக்கிறேன்.
மழை இருட்டினால்
தார்ப்பாயின் இந்த முனை நான், அந்த முனை அம்மா.
"அதையெல்லாம் எழுதிவைக்காதே.
உனக்கு வயசு காணாது,
மில்லுக்கும் வம்பு, எனக்கும் வம்பு."
இல்லை என்று எழுதினேன்.
ஒற்றைச் சொல், நல்ல கையெழுத்து.

களத்தில் செருப்போடு விடமாட்டார்கள்,
ஆபீசில் வெறுங்காலோடு விடமாட்டார்கள்.
சுழல் நாற்காலி. கம்ப்யூட்டர் மேல்
விரலால் பெயர் எழுதுமளவு தவிட்டுத் தூசி.
கணக்கர் சாத்தப்பன் சார் குரலை உயர்த்தாதவர்.
பத்தேகாலுக்கு டீ வந்தால் எனக்கும் ஒன்று சொல்வார்,
சர்க்கரை கம்மியா என்று கேட்டு.
இதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கூலி. சன்னலுக்கு வெளியே வரிசை.
பெயர் கேட்கணும், மூட்டை கேட்கணும்,
ஒன்பதால் பெருக்கணும்.
"பேர்?"
"பாண்டிச்செல்வி. முப்பத்தெட்டு."
முந்நூற்று நாற்பத்திரண்டு என்பேன்.
சார் முந்நூற்று நாற்பதை நீட்டுவார்.
"சில்லறை இல்லம்மா. நாளைக்குச் சேர்த்து."
நாளைக்கும் சில்லறை இருக்காது.

மூன்றாம் நாள், குனிந்து எழுதிக்கொண்டே
"பேர்?" என்றேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, வாத்தியாருக்கு ஒப்பிக்கிற மாதிரி:
"சோலைமணி. மூணாங் களம். நாப்பத்தாறு."
நான் நிமிரவில்லை.
பெருக்கினேன். நானூற்றுப் பதினாலு.
நானூற்றுப் பத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.
வீட்டில் அவளும் அதைப் பேசவில்லை.
குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்றாள்,
தான் வைத்த குழம்பைத் தானே.

ராத்திரி ரஃப் நோட்டில்
முப்பத்தொரு பேரை ஒரு வருஷத்தால் பெருக்கிப் பார்த்தேன்.
ஐந்து இலக்கம் வந்தது.
அடித்துவிட்டேன்.

சாமி படத்துக்குப் பின்னால்
குழுத் தவணைக்கென்று செருகியிருந்தது இருநூறு.
முதல் பஸ் கண்டக்டர் பையைக் கவிழ்த்து
எண்ணிக் கொடுத்தார், சந்தோஷமாக;
அவருக்குப் பாரம் குறைந்தது.
பிஸ்கட் டப்பாவில் கொட்டி
மேஜை மேல் வைத்தேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக.
"சில்லறை இருக்கு சார்.
நோட்டாக் கொடுத்து எடுத்துக்கலாம்."
சார் டப்பாவைப் பார்த்தார்.
ஃபேனைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

அன்று எல்லோருக்கும் ரூபாய் சரியாகப் போனது.
வரிசை நகர அரை மணி கூடுதல்.
பாண்டிச்செல்வி அக்கா இரண்டு ரூபாயைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள், செல்லாததோ என்று.

பத்தாம் நாள் சான்றிதழ்.
ஒழுக்கம்: நன்று. வேகம்: போதாது.
கற்றுக்கொண்டவை என்ற கட்டத்தில்
ஐந்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
சில்லறை மாற்றுதல் என்று மட்டும் எழுதியிருந்தேன்.
ரெஜினா டீச்சர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.
"டேலி, கோப்புப் பராமரிப்புன்னும் சேர்த்துக்கோ."
சேர்த்தேன்.
முத்திரை விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

டப்பாவை அங்கேயே விட்டு வந்தேன்.
பதினோராம் நாள் அது மேஜை மேல் இருந்ததா?
அம்மா தினமும் அங்கேதான் போகிறாள்,
கேட்டால் சொல்லிவிடுவாள்.
இன்னும் கேட்கவில்லை.