நிகர எடை

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடைக் கூண்டில்
பதினோரு வருஷமாய் உட்கார்ந்து
லாரிகளை நிறுத்துப் பழகியவள் நான்.

கொதிகலன் பொருத்த வந்த மெக்சிகோக்காரன் எர்னான்
(ஹெர்னான் என்று கூப்பிட்டால்
ஹ-வை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்புவான்)
வேலை முடித்துப் போகிற அன்று
என் மேசையில் வைத்தது
ஒரு கிலோ புள்ளிப் பயறு.

பின்ட்டோ பீன்ஸ் என்று பொட்டலத்தில் இருந்தது.
எனக்கு அது கித்தா விதை.
அதே வழவழப்பு, அதே காப்பிக் கிறுக்கல்.
சிமெண்டுத் தரையில் தேய்த்து
யார் தொடையிலாவது சூடு வைக்கக் கை பரபரத்தது.

செய்முறையை
எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தான்.
பாதி மலாய், கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் படம்.
முதலில் ஒரு நிலா: ராத்திரி ஊறணும்.
பானை, அரை வெங்காயம், நாலு பல் பூண்டு.
பன்றி ஒன்று, பக்கத்தில் கேள்விக்குறி.
ஊர் தெரிந்தவன்.
உப்பின் மேல் பெருக்கல் குறி.
இரண்டு கடிகாரம் தள்ளி
அதே உப்பு, குறி இல்லாமல்.

ஆறு வாரம் கண்ணாடிப் போத்தலில் வைத்துப் பார்த்துவிட்டு
ஒரு சனிக்கிழமை முழுக்கக் கொட்டி ஊறப்போட்டேன்.
காலையில் நிறுத்தேன். பழக்கதோஷம்.
இரண்டு கிலோ இருநூறு.

வழியில் நிறுத்திக் குலைமேல் தண்ணீர் அடித்துவரும்
குத்தகைக்காரன்களை
டயர் ஈரம் பார்த்தே திருப்பி அனுப்புகிறவள்.
இதை எங்கே திருப்பி அனுப்ப?

படத்தில் பேர் தெரியாத ஓர் இலையும் இருந்தது.
மீட்டர் பெட்டிக்குக் கீழே ஓமவல்லி நின்றது.
இரண்டும் ஒன்றில்லை.
கிள்ளிப் போட்டேன்.

வெந்தது, வெந்தது, வெந்துகொண்டே இருந்தது.
தோங்கைத் தூக்கிப் பார்த்தேன், கேஸ் பாதிக்குமேல் இருந்தது.
கடுகு டப்பா வரைக்கும்
மூன்று தடவை போய்வந்தது கை.
'என்னா இது, தாளிக்கலையா?' என்றார் கலியமூர்த்தி.
கொதிகலன் காரன் சொல்லலை என்றேன்.

மூடியைத் திறந்தால்
ஒரு புள்ளி இல்லை.
கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தேன்.
செங்கல் பொடி நிறத்தில்
அத்தனையும் ஒரே முகம்.
அந்தப் புள்ளிக்காகத்தானடா
ஆறு வாரம் வைத்திருந்தேன்.

கடலை எண்ணெயில் வெங்காயம், சிலி பாடி மூன்று.
கீரை மத்தால் கடைந்து சட்டியில் புரட்டினேன்.
இரண்டு தரம் வறுத்தது என்று தோன்றும்
ஏதோ ஒரு பேர் சொன்னான் இதற்கு.
வறுப்பது ஒரு தரம்தானே என்று கேட்டிருந்தேன்.
நல்லா வறுத்தது என்று பொருளாம்.
சரி, சுடச்சுட என்றால்
இரண்டு சூடா என்ன.

இரண்டு பேருக்கு அது ஒரு வாரத்துக்கு வரும்.
ரொக்கியா அக்காவுக்கு ஒரு கிண்ணம்,
காரைக்கால் ஸ்டோர் முதலாளி வீட்டுக்கு ஒரு கிண்ணம்,
மாடி நேப்பாளிப் பையன்களுக்கு ஒரு சட்டி.
சோற்றில் பிசைந்துகொண்டே
இது எங்க ஊர்ச் சாப்பாடு என்று
அடித்துச் சொன்னான் அதில் ஒருவன்.
கலியமூர்த்தி மட்டும்
மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார்,
இரண்டாம் தரமும் திறந்தார்.

ராத்திரி ஒன்பதுக்குப் படம் அனுப்பினேன்.
அங்கே விடிந்திருக்க வேண்டும்.
ஒரே சொல்லில் பதில் வந்தது, கேள்விக்குறியோடு.
காரம்? என்று படித்து
சிலி மூணு போட்டேன், சரியா இருக்கு என்று
தட்டி அனுப்பிய பிறகு
இன்னொரு தரம் பார்த்தேன்.

காராம்.
மலாயில் உப்பு.

பெருக்கல் குறி போட்ட உப்பை
அவ்வளவு கவனமாய்ப் போடாமல் விட்டவள்
குறி இல்லாத உப்பையும் விட்டிருக்கிறேன்.
ரொக்கியா அக்கா சொல்லவில்லை.
முதலாளி வீட்டில் சொல்லவில்லை.
ஊறுகாய் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிற
இந்த மனிதர்கூட.

மாடியில் இன்னும் வெளிச்சம்.
உப்பு டப்பாவோடு
பாதிப் படியில் நிற்கிறேன்,
கதவைத் தட்டி என்ன சொல்வதென்று தெரியாமல்.