கவிழ்த்துப் பார்ப்பவர்

இந்திராணி மேடம் எதையும் நேராகப் பார்த்ததில்லை.
அம்பத்தூர் எஸ்டேட்டில், தகரக் கூரைக்குக் கீழே,
எங்கள் மிக்ஸியின் முதல் மாதிரியை மேசைமேல் வைத்து
ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க,
வந்தவர் அதைக் கவிழ்த்துப் போட்டார்,
குளித்த குழந்தைக்கு முதுகு துடைப்பதுபோல.

"மாவு எங்கே வழியும்?" என்றார்.
"கரப்பான் எங்கே குடியிருக்கும்?"

அன்றுதான் நான் அடிப்பாகத்தின் டிசைனர் ஆனேன்.

பதினோரு வருடம்.
ஆறு திருகு, நான்கு ரப்பர் கால்,
நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஒரு வடிகால் துளை.
அந்தத் துளைக்காக
ஒரு ஆடி மாதம் முழுக்க அச்சை வெட்டி வெட்டி எறிந்தோம்.

கவிழ்த்துப் பார்க்கச் சொல்லி
அவர் சுற்றறிக்கை எதுவும் அனுப்பவில்லை.
ஆனாலும் கேன்டீன் எஸ்தர் தட்டின் அடியைத் தேய்த்தாள்.
கணக்கர் முஸ்தபா பில்லைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார்.
வாசல் காவலர் லாரிக்கு அடியில் குனிந்தார்,
எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே.

வெள்ளம் வடிந்த அந்த டிசம்பரில்
முடிச்சூரிலிருந்தும் ஜாபர்கான்பேட்டையிலிருந்தும்
சேறு பூசிக்கொண்டு வந்து சேர்ந்தன மிக்ஸிகள்.
எங்களுடையவை எல்லாம் துளைவழியே ஒழுக்கிவிட்டு
மறுநாளே சட்னி அரைத்தன என்று சொல்ல ஆசைதான்.
பாதிதான் அரைத்தன.
மீதிப் பாதியை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு
மேடம் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார்.

இதையும் சொல்ல வேண்டும்:
மேல்பக்கம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.
பதினோரு வருடமும் எங்கள் மிக்ஸி ஈரல் நிறம்.
மூடியைத் திறக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது என்று
மயிலாப்பூரிலிருந்து ஒருவர் மாதம் தவறாமல் கார்டு போட்டார்.
மேடம் பார்க்காமல் விட்டதும் எங்கள் டிசைன்தான்.

இப்போது பிரணவ் சார்.
நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.
மிக்ஸியைப் போனில் பார்க்கிறார்,
இரண்டு விரலால் பெரிதாக்கி, மறுபடி சின்னதாக்கி.
ஈரல் போய் பிஸ்தா பச்சை வந்தது.
மூடி ஒரு விரலுக்குத் திறக்கிறது.
விற்பனை இரட்டித்தது. அந்த போனஸில்தான்
கொரட்டூர் ஃபிளாட்டுக்கு நான் முன்பணம் கட்டினேன்.

ஆறு திருகு நாலாயிற்று.
யாரும் குறைக்கச் சொல்லவில்லை.
துளை எந்த மீட்டிங்கில் அடைபட்டது என்று
பழைய குறிப்புகளை எல்லாம் புரட்டினேன்,
பேச்சே வரவில்லை.
வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்
கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

எஸ்தரின் தட்டுகள் இப்போது முகம் தெரிய மின்னுகின்றன.

போன ஞாயிறு, புரசைவாக்கத்தில் ஒரு கடை.
பிஸ்தா பச்சையைப் புகழ்ந்துகொண்டிருந்த விற்பனைப் பையனை
பேச்சின் நடுவிலேயே நிறுத்திவிட்டு
ஈரக்குடையை இடுக்கியிருந்த ஒரு அம்மா
அதை இரண்டு கையாலும் தூக்கிக்
கவிழ்த்தார்.

நான் பக்கத்து இஸ்திரிப் பெட்டியின் விலையை
மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தேன்.