இறக்கு கூலி

நாசிக்கிலிருந்து நான்கு நாள் ஓடி வந்த லாரி
இரவு ஒரு மணிக்குக் கீழமாரட் வீதிக்குள்
பின்பக்கமாய் நுழைந்தது.
முந்நூற்றிருபது மூட்டை பல்லாரி.
நாங்கள் ஆறு பேர்.
ஏழாவது ஆள் பவுன்ராசு
இடுப்பில் பெல்ட்டோடு பெரியாஸ்பத்திரியில்.

வெங்காய மூட்டையைத் தானாக எவனும் ஏற்றிக்கொள்ள முடியாது.
மேலே நிற்கிறவன் சரித்துவிட வேண்டும்,
கீழே நிற்கிறவன் கழுத்தைக் கொடுக்க வேண்டும்.
அப்புறம் இருபத்தேழு எட்டு.
தண்ணீர்த் தொட்டி, தராசு, கணக்கப்பிள்ளையின் செருப்பு,
இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும் உலகம்.

டிரைவர் வாக்மாரே
கண்ணாடிக்கு மேலே நீலத் துணி கட்டி
புத்தர் வைத்திருந்தான்.
ஊதுபத்தி இல்லை. எலுமிச்சை இல்லை.
"என்ன சாமி?" என்றேன்.
பம்பாய் பேக்கரியில் பத்து வருஷம் இருந்த காஜா மைதீன்
கேட்டுச் சொன்னான்:
சாமி இல்லையாம். வழி காட்டினவராம்.
அந்த வழியில் போய் முடித்தவர்களுக்கு
அரகந்தர் என்று பெயராம்.
செய்ய வேண்டியதைச் செய்துவிட்டவர்,
சுமையை இறக்கி வைத்துவிட்டவர்,
இனித் திரும்பி வராதவர்.

சாக்குக் குவியலிலிருந்து ஆண்டிச்சாமி சிரித்தான்:
"இறக்கு கூலி யாரு கொடுத்தா அவருக்கு?"
காஜா அதை இந்தியில் மாற்றவில்லை.

நான் லாரியைப் பார்த்தேன்.
மூட்டை குறையக் குறைய
அடிப்பட்டைகள் ஒரு நூல், இன்னொரு நூல் என்று
மேலே எழும்பிக்கொண்டிருந்தன.
இரும்புக்குத் தெரிகிறது.
என் கழுத்துக்குத் தெரியவில்லை.
விடிந்து, குளித்து,
இட்லிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதும்
அது இடதுபக்கம் சாய்ந்து
இல்லாத மூட்டைக்கு இடம் விட்டிருக்கும்.
கணக்கப்பிள்ளை ஏழு வருஷத்துக்கு முன் சொன்ன ஒரு வார்த்தை
அங்கே ஏறி உட்கார்ந்திருக்கும்.

முதுகிலிருந்து இறக்கினவர்கள் நிறையப் பேர்.
கழுத்திலிருந்தும் இறக்கின ஒருவர்
என்றைக்காவது இந்த வீதியில் நடந்திருந்தால்
எப்படி அடையாளம் கண்டிருப்போம்?
"ஓரம், ஓரம்" என்று இடித்துக்கொண்டு போயிருப்போம்.
வெறுங்கையோடு போகிறவனை
இங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
நிமிரவும் முடியாது.

மூன்றரைக்கு லாரி காலி.
தளத்தில் செந்தோல் பறந்தது.
"இனி ஊருக்கா?"
இல்லை, கோவில்பட்டிக்கு. தீப்பெட்டி லோடு.
வெறும் வண்டியாய்த் திரும்பினால்
டீசலுக்குக் கட்டாது.
சொல்லிவிட்டு வாக்மாரே புத்தரைப் பார்த்தான்,
முதலாளியிடம் லீவு கேட்கிற முகத்தோடு.

கீழவாசல் திருப்பத்தில்
அடுத்த லாரி ஹார்ன் அடித்தது.
துண்டை உதறிச் சும்மாடு கோலினேன்.
அதற்கு முன்பே,
என்னைக் கேட்காமல்,
கழுத்து குனிந்திருந்தது.