ஐந்து கரண்டி

பளபளக்கும் பை வேண்டுமென்றால்
ஐயாயிரம் எடுக்க வேண்டும் என்றார்கள்.
ஒன்று ஆறு ரூபாய் நாற்பது காசு,
அச்சு உருளைக்குத் தனிக் கணக்கு.
வாரம் நாற்பது பொட்டலம் என் கஞ்சி மாவு.
காட்பாடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
பாலாற்றுப் பாலம் முடிவதற்குள்
வகுத்துப் பார்த்துவிட்டேன்:
அந்தப் பைகள் தீர இரண்டரை வருடம்.
கீழே ஆறு, மணலைத்
தளும்பத் தளும்ப வைத்திருந்தது.

லாங் பஜாரில் காக்கிக் காகித உறை
நூறு, நூற்றுப் பத்து ரூபாய்.
உள்ளே ஒரு வெள்ளைக் கவர்.
வாயை ஒட்ட
உடைந்த ரம்பத் தகடு, மெழுகுவத்திச் சுடர்.
இதற்கு மேல் ஒரு முகம் வேண்டும்,
இருநூற்று இருபதுக்குள்.

ரப்பர் ஸ்டாம்ப் இனாயத்துல்லா பாய் கேட்டார்:
"படம் என்ன, கோட்டையா?
இந்த வருஷம் கோட்டை மட்டும்
பதினேழு பண்ணிட்டேன்மா.
யார் வாங்கறாங்க, அதைச் சொல்லு."

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜ்காரர்கள்.
மால்டா, அகர்தலா, ஜாம்ஷெட்பூர்.
மாதக்கணக்கில் ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு.
படுத்திருப்பவருக்கு ஊற்றியது போக
பார்த்துக்கொள்பவருக்கு மிச்சம்.
தமிழ் தெரியாது.

பாய் நெற்றியைச் சொறிந்தார்.
சின்னதாக ஒரு ஸ்பூன், நிறையக் கருப்பு.
பக்கத்தில் நான்கு குழிக்கரண்டி, வெறுமையாக.
மாவு ஒன்று, தண்ணீர் நான்கு.
கீழே 'ஸ்ரீ ரேணுகா சத்து மாவு'.
அதற்கும் கீழே
உரிம எண், பதினான்கு இலக்கம்,
என் பெயரைவிட நீளம்.

ரேணுகாவை ஒருவரும் படிக்கவில்லை.
"அந்தக் கரண்டி பாக்கெட் முப்பது அனுப்பு"
என்றார் கடைக்காரர் தேவநாதன்.
"சம்மச்வாலா" என்று
விரல் ஐந்தையும் விரித்துக் கேட்டார்களாம்.

உறையின் முதுகில்
வைட்டமின் பட்டியல் போடலாம் என்றாள்
என் நாத்தனார் எழிலரசி.
இரண்டு நாள் பேச்சில்லை எங்களுக்குள்.
நான் பார்த்திருக்கிறேன்:
மூன்றாம் மாடி ஷெஃபாலி
மாத்திரை நேரங்களை அங்கேதான் எழுதுகிறாள்.
காலை இரண்டு, இரவு ஒன்றரை,
ரத்தப் பரிசோதனை வியாழன்.
வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டேன்.
மை மிச்சம் என்று
எழிலரசியிடம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை முடிந்து வெயில் கொழுந்துவிட்டது.
ஸ்டாம்ப் பிடித்த கை வேர்த்து
கரண்டிக்காம்புகள் வழிந்தன.
அப்போதுதான் வந்தது அந்தப் புகார்:
கஞ்சி கெட்டி. தொண்டையில் இறங்கவில்லை.
ஒன்றல்ல, மூன்று அறையிலிருந்து.

கஸ்பா மில்லில் சண்டை போட்டேன்,
அரைப்பு சரியில்லை என்று.
கேழ்வரகை மறுபடி வறுத்தேன், சலித்தேன்.
நானே காய்ச்சினேன், நானே குடித்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
எழிலரசி உறையைக் கையில் எடுத்து
எண்ணினாள். பிறகு
ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள்.

மூன்று குழிக்கரண்டி.
நாலாவது இருந்த இடத்தில்
ஈ உட்கார்ந்து எழுந்தது போல ஒரு கறை.
எட்டு மாதம் குத்திக் குத்தி
ரப்பரின் ஓரம் தேய்ந்திருக்கிறது.
நான் விற்றது மாவு என்று நினைத்திருந்தேன்.
அவர்கள் அளந்தது என் படத்தை.

பாய் கடை திறக்க இன்னும் பன்னிரண்டு மணி நேரம்.
தேவநாதன் கடையில் தொங்கியதைக் கழற்றி
லாட்ஜ் படிகள் ஏறி
பிரித்ததையும் பிரிக்காததையும் கேட்டு வாங்கி
மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.
கரண்ட் போனது.
ஒட்டுகிற மெழுகுவத்தியை ஏற்றிவைத்து
ஆளுக்கொரு பேனா.
ஒவ்வோர் உறையிலும் நாலாவது கரண்டி.

விடியும் நேரத்தில்
எழிலரசி வரைந்த ஒன்று
யானைத் தும்பிக்கை மாதிரி வந்தது.
எண்ணிப் பார்த்தோம், நாலுதான்.
அதையும் அனுப்பினோம்.