சொந்தப் பணம் அறுபத்து மூன்று

டிப்போவில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
சொந்தப் பணம் ரூபாய் அறுபத்து மூன்று.
அதற்கு மேல் ஒற்றை ரூபாய் இருந்தாலும்
திருட்டுதான். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

பெண்களுக்குக் காசில்லை என்றான பிறகு
பை கனம் குறைந்துவிட்டது.
முன்பெல்லாம் பென்னாகரம் போய்வந்தால்
ஒரு படி சில்லறை கொட்டும்.
இப்போது அரைப்படி. அதிலும்
பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று
என் கையிலேயே திணிக்கிறார்கள்.
திணிக்கட்டும். நான் தேடுவது வேறு.

ஸ்டாப்பிங்குக்கும் ஸ்டாப்பிங்குக்கும் நடுவே
கட்டைவிரல் நகத்தால் தடவுவேன்.
ஆண்டுக்குக் கீழே நட்சத்திரமா, ஐதராபாத்.
சாய்சதுரம் மும்பை. புள்ளி நொய்டா.
ஒன்றுமில்லாத மொட்டை, கொல்கத்தா.
ஐந்து வருஷத்தில் தேறியது
அச்சு விலகிப் பிறையளவு வெறுமையான
ஒரே ஒரு ரூபாய்.
மாதையன் அண்ணன் கியர் மாற்றிக்கொண்டே கேட்பார்,
"எத்தனைக்குப் போகும்?"
தெரியாது. விற்றதில்லை.

இண்டூரில் தக்காளிக்காரர் ஏறினார்.
ஆளுக்கும் கூடைக்கும் முப்பத்திரண்டு.
ஐம்பது நோட்டின் மேல் ரெண்டு ரூபாய் வைத்தார்,
சாறு பட்டுப் பிசுபிசுவென்று.
சட்டையில் துடைத்துத் திருப்பினேன்.
முன்பக்கம் சிங்கம் நேராக நிற்க
பின்பக்கத்து 2 படுத்துக் கிடந்தது
மத்தியானத் தூக்கம் மாதிரி.

என் பாக்கெட்டின் ரெண்டு ரூபாய் பைக்குள்.
பையின் ரெண்டு ரூபாய் பாக்கெட்டுக்குள்.
கணக்கில் தூசி நகரவில்லை.
ஆனாலும் காது சூடாகிவிட்டது.

அதகப்பாடியில் செக்கிங்.
தீர்த்தகிரி சார். டிக்கெட் பார்த்தார், பையைக் கொட்டினார்,
பாக்கெட்டைக் காட்டச் சொன்னார்.
அறுபது, அறுபத்தொன்று...
எண்ணிக்கொண்டே வந்த விரல் நின்றது.
காசைப் பக்கவாட்டில் திருப்பினார்,
விஷயம் தெரிந்தவர்கள் திருப்புகிற மாதிரி.
ஆண்டுக்குக் கீழே நகத்தால் ஒரு தடவல்.
நான் வெளியே புளியமரங்களை எண்ணினேன்.

"இத நான் எடுத்துக்கறேன்பா."
தன் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"ரெண்டுக்கு ரெண்டு. சரிதானே?"
சரிதான் சார்.
வே பில்லில் எழுதினார்:
சொந்தப் பணம் சரியாக உள்ளது.
கையெழுத்து. மணி 10.40.

தருமபுரி ஸ்டாண்டில் பாலிடெக்னிக் பையன் ஒருவன்
டிக்கெட்டைப் பின்பக்கமாக நீட்டினான்.
என் எழுத்தேதான்: பாக்கி 2.
கையில் இருந்ததைக் கொடுத்தேன்.
கடைசிப் படியில் நின்றவன்
அதை வெயிலுக்குக் காட்டி ஒருமுறை பார்த்துவிட்டு
இறங்கிப் போனான்.

எந்த வருஷத்துக் காசு என்று
நான் பார்த்திருக்கவில்லை.