ஆகாயத்தாமரைக்கு அடியில்

சம்பளப் பட்டியலில் என் வேலை
ஆய்வகத் துணையாளர், மூன்றாம் நிலை.
உண்மையில் நான் மீன் பிடிப்பவன்.

இரவில், இடுப்பளவு நீரில்,
மூங்கில் கழியின் நுனியில் இரண்டு கம்பி,
கழுத்தில் தொங்கும் சின்ன ஒலிப்பெட்டி.
ஆகாயத்தாமரை வேர்களுக்குள் கழியை நுழைத்தால்
பெட்டி பேசும்,
இருட்டில் யாரோ தையல் எந்திரம் மிதிப்பதுபோல.
அதுதான் மீன்.
உடம்பிலிருந்து மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு
அது வளையும் வளைவில்
கல்லையும் இரையையும் தடவிப் பார்க்கும்.
கண்ணும் இருக்கிறது, பேருக்கு.

நெலிதா எச்செவெர்ரி மொண்டெவிடியோ திரும்பியது
எண்பத்தைந்து ஆகஸ்டில்.
ராணுவம் போனபின்,
பதினோரு ஸ்வீடன் குளிர்காலங்களுக்குப் பின்.
மூன்று பெட்டியில் கருவிகள்,
ஒன்றில் கம்பளிக் காலுறைகள்.
என் பெயரைக் கேட்கும் முன்பே கேட்டாள்:
"இங்கே கரண்ட் எத்தனை மணிக்குப் போகும்?"
வாஷிங்டன் என்றேன்.
எங்கள் நாட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுப்பாள்.
நுனி இருக்கிறதா இல்லையா என்பதை
நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும்.
அதை மயக்கத்தில் கிடக்கும் மீனின் பின்மூளைக்குள்
முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்காக இறக்குவாள்.
செவுளுக்கு நீர் ஓட்டுவது நான்.
ஒரு செல் அகப்பட்டால்
ஒலிபெருக்கியில் சோளம் பொரியும்.
பெரும்பாலும் பதினோரு நிமிடம்.
யாராவது இருமினால் போச்சு.

எட்டு மாதம் ஒரு தாளத்தைத் துரத்தினோம்.
அழகான தாளம். வரைபடம்கூடப் போட்டாயிற்று.
அது லிப்ட் மோட்டார்,
மூன்றாம் மாடிக்கு யாராவது போகும்போதெல்லாம்.
அன்று அவள் லிப்டை உதைத்தாள்.
மறுநாளிலிருந்து இரவில் மட்டும் வேலை.

அப்படி ஒரு ஜூலை இரவில்
ஒரே செல் நான்கு மணி நேரம் நின்றது.
கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு
மாத்தேக் குடுவையை நான் பிடித்துக்கொள்ள
உறிஞ்சிக் குடித்தாள்.
விடியும்போது, "போய்விட்டது" என்றாள்,
உறவுக்காரர் யாரோ போனதுபோல.

அவள் கேட்டது ஒரே கேள்வி.
தொட்டியில் ஈயக்குண்டை இறக்கினால்
மீனின் துடிப்பு சட்டென்று விரையும்.
மறுபடி இறக்கினால் கொஞ்சம்.
பத்தாம் தடவை, ஒன்றுமில்லை.
"புதுசு" என்று உள்ளே யார் சொல்கிறார்கள்?
"பழசு" என்று யார் வாயை மூடுகிறார்கள்?
எந்த செல், எந்தக் கிளை, எத்தனை மில்லிசெகண்டில்?
முப்பத்தொரு கட்டுரை.
இருபத்தொன்பதில் நன்றிப் பகுதியில் நான்,
ஒன்றில் மூன்றாம் ஆசிரியர், எழுத்துப்பிழையோடு.
மீதி ஒன்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

விரல் நடுங்கத் தொடங்கியதும் அவளே நிறுத்திக்கொண்டாள்.
விருந்து வேண்டாம் என்றுவிட்டாள்.
முப்பத்தொரு வருடம்
அவள் உள்ளே வருவதை நான் கவனித்ததே இல்லை.
அவள் வராத திங்கட்கிழமைதான்
அது தெரிந்தது.

ஆறு வாரம் கழித்து போன் செய்தாள்.
ஏரிக்கு வர வேண்டுமாம்.
அப்போதுதான் உறைத்தது:
அத்தனை மீனும் அவளிடம் வந்தது வாளியில்.
ஒருநாள்கூட அவள் இரவு நீரில் நின்றதில்லை.

என் மகனின் ரப்பர் பூட்ஸ், இரண்டு அளவு பெரியது.
சேற்றில் ஒன்று கழன்றது, கெட்டவார்த்தை சொன்னாள்,
தவளைகள் நின்று மீண்டும் தொடங்கின.
கழியை அவளே வேர்களுக்குள் விட்டாள்.

ஒரு எந்திரம் அல்ல.
ஒரு தெரு முழுக்கத் தையல்காரர்கள்,
பண்டிகைக்கு முந்தின இரவுபோல.
ஒன்று விரைந்தது, அதற்கடுத்தது விரைந்தது,
நாங்கள் புதிது அவற்றுக்கு.

"இத்தனை பேரா" என்றாள்.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள், பதினேழில் விட்டாள்.

குளிர்கிறது, போகலாம் என்றேன் இரண்டு முறை.
கழியை அவள் திருப்பித் தரவில்லை.